அரிவாளுக்குப் பிடி போடுறது

எங்க குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆட்டு வியாபாரத்துலதான் பேரு. ஆடு வாங்குறவன் பல்லைப் பார்ப்பான், முதுகைத் தடவுவான், தூக்கி எடை பார்ப்பான். அதே ஆளு கொடுவாள் வாங்கும்போது கட்டைவிரலால கூர் பார்த்துட்டுக் காசைக் குடுத்துடுவான். பிடியை ஆட்டிப் பார்க்க மாட்டான். நாள் பூரா கையில இருக்கப் போறது பிடிதானே?

டவுன்ல இருக்குற பசங்க, கையால செஞ்ச கத்தின்னு ஆன்லைன்ல வாங்கி போட்டோ அனுப்புறாங்க. அலகுக்கும் பிடிக்கும் நடுவுல பித்தளையில ஒரு குறுக்குத் தடுப்பு. கார்டுங்கிறாங்க. குத்துற கத்திக்கு அது வேணும், கை முன்னாடி வழுக்குனா விரல் போயிடும். எழும்பூர் மியூசியத்துல தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் இருக்கு. அதுல சில கட்டாரியில கையையே மறைக்கிற மாதிரி தகடு இருக்கும். அது சண்டைக்காரனுக்கு. நாம பண்றது வெட்டுறதும் இழுத்து அறுக்குறதும். இங்க கை பின்னாலதான் வழுக்கும், இல்லைன்னா அலகு கழண்டு பறக்கும். அதனால நமக்குக் காவல் பிடியோட கடைசியில இருக்குற குமிழும், முன்னால இறுக்குற பூணும்தான்.

போன வருஷம் புளிய மரத்துல கிளை கழிக்கும்போது ஒருத்தர் கொடுவாள் கழண்டுது. கீழ தழை பொறுக்கிட்டிருந்த அம்மாவுக்கு ஒரு முழம் தள்ளி மண்ணுல குத்தி நின்னுச்சு. பிடி ஆடுதுன்னு முந்தின ராத்திரிதான் தண்ணியில ஊறப் போட்டிருக்காங்க. ஊர்ல எல்லாரும் பண்ற வேலை இது. ஊறுனா மரம் உப்பி இறுகும், வெயில்ல காஞ்சதும் முன்னைவிட அதிகமா ஆடும்.

ஒழுங்காப் போடணும்னா மரம் நல்லாக் காஞ்சிருக்கணும். கருவேலம் நல்லது. அலகோட வாலைவிடச் சின்னதா ஓட்டை போட்டு, வாலை மட்டும் பழுக்கக் காய்ச்சி இறக்குவாங்க. அப்போ அலகை ஈரச்சாக்குல சுத்தணும், சூடு ஏறுனா பதம் போயிடும். லாரி பட்டையில அடிச்ச நல்ல இரும்பானாலும் அதேதான். பூணைக் காய்ச்சி மாட்டுனா ஆறும்போது தானா இறுகிடும், மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுற மாதிரி. வால் பிடியோட அடியில வெளிய வந்து மடங்கியிருந்தா இன்னும் நல்லது. வெட்டுற வேகத்துக்கு அது உருவிட்டு வராது.

இன்னொண்ணும் சொல்லணும். எங்க பக்கம் ராகி அறுக்குறது பெரும்பாலும் பொம்பளைங்க. கடையில வர்ற பிடி தடிமனா, ஒரே அளவுல இருக்கு. சாயங்காலம் உள்ளங்கையைப் பார்த்தா கொப்புளம். அந்தக் காலத்துல ஆளோட கையைப் பார்த்து இழைச்சுக் குடுத்தாங்க.

இங்க பட்டறை வச்சிருக்குற ஒரு பெரியவர் இப்பவும் அப்படித்தான் செய்யுறாரு. ஆனா அலகுக்கு ஒரு விலை, பிடி போடத் தனிக் கூலின்னு கேட்குறாரு. ஊர்ல முணுமுணுக்குறாங்க. என்னைக் கேட்டா, அவர் கேட்குறது நியாயம். மரத்தை இழைச்சு, பூண் தேடி, உலை முன்னாடி நிக்குறதுக்கு அரைநாள் போகுது. மார்கழி அறுப்புக்கு முன்ன வீட்டம்மா அரிவாளை அவர்கிட்டதான் குடுத்திருக்கேன், அவங்க கை அளவோட.