தூசிக்கும் விலையுண்டு

பழம்பொருளைப் புதுப்பித்தால் மதிப்பு உயரும் என்பது நம்மவரின் பொதுவான அபிப்பிராயம். பழைய பந்தய மோட்டார்களின் விஷயத்தில் இந்த நியாயம் எப்பொழுதும் செல்லுவதில்லை.

2015-ஆம் வருஷம் பாரிஸ் நகரில், பையோன் என்பவர் சேர்த்துவைத்த மோட்டார்கள் ஏலத்துக்கு வந்தன. பல்லாண்டுகள் கொட்டகைகளில் கிடந்தவை அவை. அவற்றுள் 1961-ஆம் வருஷத்துப் பெராரி கலிபோர்னியா ஸ்பைடர் ஒன்று, பத்திரிகைக் குவியலின் கீழ் முடங்கிக் கிடந்தது. தூசியுடனேயே அது விலைபோயிற்று. கிரயமோ 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கு மேல்!

காரணம் யாது? மெருகை என்று வேண்டுமானாலும் ஏற்றலாம். தொழிற்சாலையில் ஆதியில் பூசிய வர்ணமும் பூட்டிய எஞ்சினும் போனால் போனவைதாம்.

ஆயினும், ஓடாத வண்டியால் யாருக்கு இன்பம்? 2018-இல் இங்கிலாந்து இளவரசர் ஹாரி தம் திருமணத்தன்று, மின்சாரத்தால் ஓடுமாறு மாற்றிய பழைய ஜாகுவார் ஈ-டைப்பில் சென்றார். மறுவருஷமே, பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனமாகிய பீவா, அத்தகையவற்றைச் சரித்திர வாகனங்களாகக் கொள்ளலாகாது என்றது. மாற்றுவோர் ஆதி பாகங்களைப் பத்திரப்படுத்த வேண்டும் என்றும் கூறிற்று.

லாபம் கருதுவோர்க்கு ஒரு வார்த்தை: 1980-களின் இறுதியில் ஏறிய பெராரி விலைகள் 1990-க்குப் பின் சரிந்தன. ஆசையால் வாங்கியவருக்கு வண்டியேனும் மிஞ்சிற்று, லாபத்துக்காகவே வாங்கியவருக்கு?