சந்தா உயர்வும் சேமநிதியும்

சங்கம் எதுவாயினும் சரி, சந்தாவை உயர்த்த வேண்டும் என்ற பேச்சு மகாசபையில் எழுந்தவுடனே கூட்டம் இரண்டாகப் பிரிவதை நாம் பன்முறை கண்டிருக்கிறோம். "முன்பு கொடுத்த பணம் என்னவாயிற்று?" என்று அங்கத்தினர் சினக்கின்றனர், "பணமின்றி எப்படி நடத்துவது?" என்று நிர்வாகத்தார் மனம் நோகின்றனர். நெசவாளர் சங்கத்திலும் விவசாயிகள் சங்கத்திலும் பழகிப்போன இப்பூசல், நகரங்களில் அடுக்குமாடி வீடுகளை விலைக்கு வாங்கிக் குடியிருப்போரிடையேயும் இன்று மிகுந்து வருகிறது. அமெரிக்க நாட்டில் இத்தகைய பூசலால் நெடுநாள் அலைப்புண்ட ஒரு கட்டடத்தின் வரலாற்றைக் கூட்டுறவாளர் அனைவரும் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இங்கே எடுத்துரைக்கிறோம்.

அடுக்குமாடி வீடொன்றை வாங்குபவர் தம் நான்கு சுவர்களுக்குள் தனி உரிமையாளர். ஆனால் அஸ்திவாரம், தூண்கள், கூரை, மாடிப்படி, தண்ணீர்க் குழாய் ஆகியவை எல்லோருக்கும் பொது. அவற்றைப் பேணுவதற்கு உரிமையாளர் சங்கமும், அங்கத்தினர் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவும், மாதச் சந்தாவும் உண்டு. சந்தாவில் ஒரு பகுதி அன்றாடச் செலவுக்குப் போகும். மற்றொரு பகுதி பிற்காலப் பழுதுக்கெனச் சேமநிதியில் சேரும். துப்புரவுக்கும் விளக்குக்கும் கொடுக்கும் பணத்தின் பயன் கண்ணுக்குத் தெரிகிறது. சேமநிதியின் பயனோ தெரிவதில்லை. ஆகவே சிக்கனம் என்ற பேச்சு வந்தால் முதலில் வெட்டுப்படுவது அதுவே.

புளோரிடா மாநிலத்தில், மயாமி நகருக்கு அருகே, கடற்கரையை ஒட்டிய சர்ஃப்சைடு என்னும் சிற்றூரில் சாம்ப்ளேன் டவர்ஸ் சவுத் என்ற பன்னிரண்டு மாடிக் கட்டடம் 1981-ல் எழுந்தது. அதில் 136 வீடுகள் இருந்தன. 2018-ல் சங்கம் அமர்த்திய பொறியியலர், நீச்சல் குளத்தை அடுத்த தளத்தில் நீர் வடியாமல் தேங்குவதாலும், நீர் கசியாமல் காக்கும் பூச்சு கெட்டுவிட்டதாலும், கான்கிரீட் பெரிதும் பழுதுற்றிருப்பதாக அறிக்கை கொடுத்தார். மராமத்துச் செலவு 90 லட்சம் டாலருக்கு மேலாகும் என அப்போது மதிப்பிடப்பட்டது.

பின்னர் நடந்தது நமக்கும் பழக்கமான கதைதான். இவ்வளவு தொகை எதற்கு என்ற வாதம் கூட்டத்துக்குக் கூட்டம் நீண்டது. 2019-ல் நிர்வாகக் குழுவில் பெரும்பாலோர் பதவி விலகினர். 2021-ன் தொடக்கத்தில் சேமநிதியில் இருந்தது ஏறத்தாழ 7 லட்சம் டாலர். இருந்திருக்க வேண்டியதோ ஒரு கோடிக்கு மேல் என்று கணக்கிடப்பட்டது. மராமத்து மதிப்பீடும் ஒன்றரைக் கோடி டாலராக ஏறிவிட்டது. வீட்டின் அளவுக்கேற்பச் சுமார் 80,000 டாலர் முதல் 3,36,000 டாலர் வரை ஒவ்வோர் உரிமையாளரும் விசேஷப் பங்கு செலுத்த வேண்டுமெனத் தீர்மானமாயிற்று. அதற்குக் குறித்த நாள் ஜூலை 1. அதற்கு ஒரு வாரம் முன்னதாக, 2021 ஜூன் 24 நள்ளிரவுக்குப் பின், எல்லோரும் உறங்கிய வேளையில் கட்டடத்தின் ஒரு பாதி சரிந்து விழுந்தது. 98 பேர் மாண்டனர்.

சந்தா கொடாமையால்தான் கட்டடம் விழுந்தது என்று நாம் சொல்லவில்லை. அத்தளத்தின் வடிவமைப்பிலேயே தொடக்கமுதல் பலக்குறைவு இருந்ததாக அந்நாட்டு அரசின் ஆய்வாளர் கூறியுள்ளனர். எதிர்த்து வாதாடியவர்கள் அனைவரும் கருமிகளும் அல்லர். கட்டடம் நல்ல நிலையில் இருப்பதாக நகராட்சியின் கட்டட அதிகாரியே 2018-ல் கூட்டத்தில் கூறியதாக நடவடிக்கைக் குறிப்பு உண்டு. ஒருவர் பழுது என்கிறார், மற்றவர் நன்று என்கிறார். நடுவில் நிற்கும் சாதாரண மனிதன் ஆயுட்காலச் சேமிப்பை எடுத்துக் கொடுக்கத் தயங்குவது இயற்கை. ஆயினும் தயக்கத்தில் கழிந்த மூன்று ஆண்டுகள் பழுதையும் வளர்த்தன, செலவையும் வளர்த்தன என்பதை மறுக்க இயலாது.

அந்நாள்வரை புளோரிடாவில், அங்கத்தினர் பெரும்பான்மை வாக்களித்தால் சேமநிதி ஒதுக்காமலே ஆண்டைக் கழித்துவிடலாம் எனச் சட்டம் இடங்கொடுத்திருந்தது. 2022-ல் அது மாற்றப்பட்டது. மூன்று மாடிக்குக் குறையாத கட்டடங்களில், தூணும் கூரையும் போன்ற உயிர்நிலை உறுப்புகளுக்கான சேமநிதியைத் தள்ளுபடி செய்யக்கூடாது என்றாயிற்று. பல்லாண்டுக் குறையை ஒரேயடியாக ஈடுசெய்ய நேர்ந்ததால் சந்தா பலவிடங்களில் விண்ணை முட்டியது. ஓய்வூதியத்தில் வாழும் முதியோர் சிலர் வீட்டையே விற்க நேர்ந்தது. 2025-ல் அரசு சட்டத்தைச் சற்றுத் தளர்த்தி, கடன் பெற்றும் சேமநிதியை நிரப்பலாம் என்று வழிவிட்டது.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் இருதரப்பாருக்கும் உண்டு. நிர்வாகத்தார் பணம் கேட்குமுன் கணக்கைக் கேட்கக் கொடுக்க வேண்டும். பொறியியலர் அறிக்கை அலமாரியில் பூட்டி வைப்பதற்கன்று. அதனை எளிய நடையில் எழுதி அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் அனுப்புதல் கடமை. ஐயம் எழுந்தால் மற்றொரு பொறியியலரை அழைத்துக் காட்டவும் தயங்கலாகாது. பத்தாண்டு சந்தாவை உயர்த்தாமல் நற்பெயர் வாங்கிவிட்டுப் பதினோராம் ஆண்டில் பெருந்தொகையைத் தலையில் சுமத்துவது நிர்வாகம் ஆகாது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உயர்த்தினால் ஏழையும் தாங்குவான். தாங்க இயலாதவருக்குத் தவணை வகுப்பதும் சங்கத்தின் பொறுப்பே.

அங்கத்தினருக்கும் ஒன்று சொல்வோம். உயர்வை எதிர்ப்பது உங்கள் உரிமை. ஆனால் அறிக்கையைப் படித்துவிட்டு எதிர்ப்பது உங்கள் கடமை. "எவ்வளவு?" என்று கேட்பதோடு நில்லாமல், "இவ்வாண்டு செய்யாவிட்டால் அடுத்த ஆண்டு எவ்வளவு?" என்றும் கேளுங்கள். கணக்கில் தவறு கண்டால் தணிக்கை கோருங்கள். நிர்வாகம் சரியில்லையென்றால் தேர்தலில் மாற்றுங்கள். நிர்வாகிகள்மீதுள்ள கோபத்தைத் தூணின்மீது காட்டாதீர்கள்.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். ஏரிப் பாசனம் பெற்றோர் அனைவரும் உழைப்பையேனும் பொருளையேனும் கொடுத்துக் கரையையும் வாய்க்காலையும் செப்பனிட்ட குடிமராமத்து முறை இதுவன்றி வேறென்ன? கரை உடைந்தால் பங்கு கொடுத்தவன் வயல், கொடாதவன் வயல் என்று வெள்ளம் பார்த்துப் புகுவதில்லை. நமது கூட்டுறவுச் சட்டமும் நிகர இலாபத்தில் ஒரு பகுதியைச் சேமநிதிக்கு ஒதுக்கியாக வேண்டுமென விதித்திருப்பது இக்காரணம் பற்றியே. "அதையும் டிவிடெண்டாகப் பிரித்துக் கொடுங்கள்" என்று நம் மகாசபைகளில் கேட்போர் இன்றும் உளர்.

வரும் மகாசபையில் நூல் கிடங்கின் கூரைக்கோ, விளைபொருள் கிடங்கின் சுவருக்கோ நிதி ஒதுக்கும் தீர்மானம் வருமாயின், ஆம் என்றோ இல்லை என்றோ கூறுமுன் அங்கத்தினர் நால்வர் நேரில் சென்று அக்கூரையையும் சுவரையும் பார்த்து வாருங்கள். பார்த்ததைச் சபையில் சொல்லுங்கள். பிறகு வாக்களியுங்கள்.