ஒரே ராத்திரியில் புழு வைக்குமா?

“சாயங்காலம் பட்டியில் அடைத்தபோது வெள்ளாடு நன்றாகத்தான் இருந்தது. விடிந்து பார்த்தால் இறந்து கிடந்தது. 7 மணிக்கே உடம்பில் புழு நெளிந்ததால், ‘முந்தின நாளே இறந்திருக்கும்’ என்று இன்ஷூரன்ஸுக்குப் பார்க்க வந்தவர் சந்தேகப்படுகிறார். ஒரே ராத்திரியில் புழு வருமா?”

- வாசகர் ஒருவர், திண்டுக்கல் மாவட்டம்

செத்த உடலைத் தேடி முதலில் வருபவை, பச்சையாகவும் நீலமாகவும் மினுமினுக்கும் ஈக்கள். இவை பகல் வேலைக்காரர்கள். இருட்டினால் ஒடுங்கிவிடும், முட்டையிடுவது பெரும்பாலும் வெளிச்சத்தில்தான். 1990-ல் சிகாகோவில் பெர்னார்ட் கிரீன்பெர்க் என்ற பூச்சியியல் அறிஞர், இரவிலும் இவை முட்டையிடுவதைப் பதிவு செய்தார். ஆனாலும் அது அபூர்வம், எண்ணிக்கையும் குறைவு.

1247-ல் சீனாவில் எழுதப்பட்ட தடயவியல் நூலிலேயே ஈ சாட்சி சொல்கிறது. ஒரு கொலை விசாரணையில், ஊராரின் அரிவாள்களைத் தரையில் வைத்தபோது ஒன்றில் மட்டும் ஈ மொய்த்ததாம். இன்று புழுவின் வயதைக் கணக்கிட்டு, இறந்து குறைந்தது எவ்வளவு நேரமாகிறது என்கிறார்கள். ராத்திரி இறந்த உடலுக்கு ஈ விடிந்த பிறகே வரும் என்பதால், அந்தப் பத்துப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனி, ஆட்டுக்கு வருவோம். நம் வெயில் காலத்தில்கூட முட்டை பொரியப் பல மணி நேரம் ஆகும். 7 மணிக்கு ஓரளவு வளர்ந்த புழு இருந்தால், முட்டை முந்தின பகலிலேயே வைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த மாலை ஆடு உயிரோடு மேய்ந்ததைப் பார்த்தவர்கள் இருந்தால், அது உயிரோடு இருந்தபோதே புழு வைத்திருக்கிறது என்று பொருள். கொம்படி, குளம்பிடுக்கு, கழிச்சலில் நனைந்த பின்பகுதி ஆகியவற்றில் இப்படி நடக்கும். மூக்கு, வாய் ஓரத்தில் மிகச் சிறிய புழு மட்டும் இருந்தால், விடியலில் வந்த சாம்பல் நிறச் சதை ஈயின் வேலையாகவும் இருக்கலாம். அது முட்டையிடாது, நேரடியாகப் புழுவாகவே போடும்.

ஆகவே, புழு இருந்தது என்பது மட்டும் தாமதத்துக்குச் சாட்சி ஆகாது. எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதே முக்கியம். கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் அதைக் குறிப்பிடச் சொல்லுங்கள். இனி இப்படி நேர்ந்தால், காது வில்லை தெரியும்படியும் புழு இருக்கும் இடம் தெரியும்படியும் உடனே படம் எடுங்கள். பரிசோதனை முடியும்வரை புதைக்காதீர்கள்.

மற்ற ஆடுகளையும் கவனியுங்கள். உயிருள்ள புண்ணையே தேடி வரும் புண்புழு ஈ, பெரும்பாலும் பிற்பகலிலும் அந்தி சாய்வதற்கு முன்பும் முட்டையிடும். ஒரு முறையில் 150-க்கும் மேல். எனவே காயம், காயடித்த புண், குட்டியின் தொப்புள் ஆகியவற்றைக் காலையிலேயே சுத்தம் செய்து, ஈ அண்டாத மருந்தைத் தடவிவிடுங்கள். மாலையில் பட்டியில் அடைக்கும்போது மீண்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.