ஆபீஸ் போனுக்குத் திரையா, பைலா?

கெங்குவார்பட்டியில் ஒரு மாங்காய் மண்டி இருப்பதாக வைத்துக் கொள்வோம். கல்லாவில் ஒரு போன், கணக்கர் மேஜையில் ஒன்று, குடோனில் ஒன்று. முன்பெல்லாம் இதற்குச் சுவரில் ஒரு இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டி மாட்டுவார்கள். இன்டர்காம் எண் ஒன்றை மாற்ற வேண்டுமென்றாலும் போனிலேயே சில ரகசிய எண்களை அழுத்த வேண்டும். அந்த எண்கள் உள்ள புத்தகம் டெக்னீஷியன் பையில் இருக்கும். அவர் பெரியகுளத்திலிருந்தோ வத்தலக்குண்டிலிருந்தோ வரும்வரை காத்திருக்க வேண்டும். மாம்பழம் காத்திருக்குமா?

இன்று அந்தப் பெட்டியின் வேலையை ஒரு சாதாரண கம்ப்யூட்டரே செய்துவிடும். அதற்கான இலவச சாப்ட்வேர் ஆஸ்டரிஸ்க். அமெரிக்காவில் கல்லூரி மாணவராக இருந்த மார்க் ஸ்பென்சர், தன் சிறு நிறுவனத்திற்குப் போன் பெட்டி வாங்கப் பணம் போதாமல், 1999ல் தானே எழுதியது இது. லினக்ஸில் இயங்குகிறது.

இதை செட் செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, டெக்ஸ்ட் பைல்களைத் திறந்து, எந்த எண்ணுக்கு எந்தப் போன் அடிக்க வேண்டும் என வரி வரியாக டைப் செய்வது. ஒரு கமா விடுபட்டாலும் அந்த வரி வேலை செய்யாது. மற்றொன்று, ப்ரீபி.பி.எக்ஸ். போன்ற சாப்ட்வேர் மூலம், பிரவுசரில் தெரியும் கட்டங்களை நிரப்பி மவுஸால் கிளிக் செய்வது.

புதியவர்கள் திரையிலேயே தொடங்குங்கள் என்பதுதான் என் கருத்து. டெக்னீஷியன் பையில் இருந்த புத்தகம் உங்கள் மேஜைக்கு வந்துவிட்டது என்பது சிறிய விஷயமல்ல. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள்.

திரையில் நீங்கள் தருவது முதலில் டேட்டாபேஸில்தான் பதிவாகிறது. "அப்ளை கான்ஃபிக்" பட்டனை அழுத்தும்போதே பைல்கள் புதிதாக எழுதப்படுகின்றன. எனவே அந்தப் பைல்களில் நீங்கள் கையால் செய்த திருத்தம், அடுத்த முறை பட்டனை அழுத்தியதும் காணாமல் போகும். கைத்திருத்தங்களுக்கென்றே "கஸ்டம்" என்ற பெயருடன் தனிப் பைல்கள் உள்ளன. அவற்றில் மட்டும் எழுதவும்.

பைலில் இன்னொரு வசதியும் உண்டு. வரியின் முன்னால் செமிகோலன் இட்டு, ஏன் இப்படிச் செய்தோம் எனக் குறிப்பு எழுதி வைக்கலாம். நாளை வேறு ஒருவர் பார்த்தாலும் புரியும்.

திரையில் ஆபத்தும் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் ப்ரீபி.பி.எக்ஸ்.ஸில் இருந்த ஒரு ஓட்டை வழியாக, இன்டர்நெட்டில் திறந்து கிடந்த நிர்வாகத் திரைகளுக்குள் திருடர்கள் நுழைந்தனர். அப்படி நுழைபவர்கள் உங்கள் லைனில் வெளிநாட்டுக்குப் பேசினால் பில் உங்களுக்குத்தான் வரும். ஆகவே அந்தத் திரை ஆபீஸுக்குள் மட்டும் திறக்கும்படி பயர்வாலை அமைத்திடுங்கள். அப்டேட்களைத் தள்ளிப் போடாதீர்கள். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால் தடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்திற்கும் முன்னால் பேக்கப் எடுத்து பென் டிரைவில் வைக்கவும். வாரம் ஒரு பைலையாவது திறந்து, திருத்தாமல், சும்மா படித்துப் பாருங்கள். வேலையைத் திரையில் செய்யலாம். ஆனால் போன் அடிக்காத நாளில் காரணத்தைக் கண்டுபிடிக்க, பைலைப் படிக்கத் தெரிந்தவரால்தான் முடியும். அவர் நீங்களாகவே இருந்தால் நல்லது.