வேண்டுமென்று இடிக்காவிட்டாலும் அவுட்தான்

சென்ற மாதம் என் மகள் படிக்கும் பள்ளியின் சாஃப்ட்பால் ஆட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். கடைசி இன்னிங்ஸ். ஒரு ரன் பின்தங்கியிருந்தோம். இரண்டு பேர் அவுட். இரண்டாம் பேஸில் மகள், மூன்றாம் பேஸில் அவள் தோழி. அடித்த பந்து தரையோடு உருண்டு ஷார்ட்ஸ்டாப்பிடம் போனது. மூன்றாம் பேஸை நோக்கி ஓடிய மகள், பந்தை எடுக்கக் குனிந்த எதிரணிப் பெண்மீது மோதிவிட்டாள். நடுவர் உடனே ஆட்டத்தை நிறுத்தி, மகள் அவுட் என்றார். தோற்றோம்.

"குழந்தை வேண்டுமென்றா இடித்தாள்?" என்று பெற்றோர்கள் கூச்சலிட்டோம். எல்லாரையும்விட உரக்கக் கத்தியவன் நான்தான். நடுவரோ கல்லூரியில் படிக்கும் பெண். முகம் வெளுத்துப் போயிற்று. தீர்ப்பை மட்டும் மாற்றவில்லை.

வீட்டுக்கு வந்து விதியைப் படித்த பிறகு வெட்கமாகிவிட்டது. நாம் கிரிக்கெட்டில் ஊறியவர்கள். 2006-ல் பெஷாவரில், ரெய்னா எறிந்த பந்தை மட்டையால் தடுத்து இன்சமாம் அவுட்டானது பலருக்கு நினைவிருக்கும். அங்கே, வேண்டுமென்று தடுத்தாரா என்பதே கேள்வி. சாஃப்ட்பாலில் அப்படியல்ல. அடித்த பந்தை எடுக்கப் போகும் ஃபீல்டருக்கே வழி. ஓடுபவர்தான் விலகிப் போகவேண்டும். அதற்காகப் பாதையை விட்டுச் சுற்றிப் போனாலும் அவுட் இல்லை. மோதி ஆட்டத்தைக் கெடுத்துவிட்டால், நோக்கம் என்ன என்று நடுவர் கேட்கமாட்டார்.

இதுதான் நியாயமும்கூட. பந்தின்மேல் கண் வைத்திருப்பவளுக்கு ஓடிவருபவள் தெரியமாட்டாள். ஓடுபவளுக்கோ பந்தும் ஆளும் கண்ணெதிரே. "தெரியாமல் பட்டுவிட்டது" என்பதை ஏற்றுக்கொண்டால், குனிந்திருக்கும் பெண்ணின் பல்லுக்கும் மூக்குக்கும் யார் பொறுப்பு? விதி ஒருபக்கம் சாய்ந்ததும் அல்ல. கையில் பந்து இல்லாமலும், பந்தை எடுக்கும் முயற்சியில் இல்லாமலும் ஃபீல்டர் வழிமறித்தால் குற்றம் அவர்மேல்தான்.

அடுத்த ஆட்டத்தில் அந்தப் பெண்ணைத் தேடினேன். வரவில்லை. வெயிலில் நின்று நடுவர் வேலை பார்க்க முன்வரும் இளைஞர்களை நாமே விரட்டிவிட்டால், நம் பிள்ளைகள் யாரை வைத்து ஆடுவார்கள்? நம் சங்க விளையாட்டு விழாவிலாவது ஆட்டம் தொடங்குமுன் பெற்றோர்களுக்கு ஐந்து நிமிடம் விதிகளைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். "அந்த அக்கா சரியாத்தான் சொன்னாங்கப்பா. எனக்கு அப்பவே தெரியும்" என்றாள்.