கடல்கோளும் தொல்பொருளாராய்ச்சியும்

தொல்பொருளாராய்ச்சி என்றவுடன் எம்மவருட் பெரும்பாலார் எழுப்பும் வினா ஒன்றேயாம். இந்நிலத்தில் முதலிற் குடியேறியவர் யாவர் என்பதே அது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஒரு கல்வெட்டு வெளிப்பட்டாலும், ஒரு தாழி கண்டெடுக்கப்பட்டாலும், அது எவ்வினத்தார்க்குச் சான்று பகர்கின்றது என்பதே முதற்பேச்சாகிவிடுகின்றது. 2020 ஆம் ஆண்டிற் கிழக்கு மாகாணத்துத் தொல்பொருள் மரபுரிமைகளுக்கென ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டு, தொடக்கத்தில் அதில் தமிழரேனும் முஸ்லிம்களேனும் ஒருவரும் இடம்பெறாதபோது, அப்பேச்சு அச்சமாகவும் மாறிற்று. அவ்வச்சம் காரணமற்றதென நாம் கூறோம். ஆயின், அவ்வழக்கின் ஆரவாரத்தில் மற்றொரு வினா கேட்பாரற்றுக் கிடக்கின்றது என்பதே எமது முறைப்பாடு. இக்கரையில் வாழ்ந்தோர் யாவரேயாயினும் ஆகுக. கடல் அவர்களை எத்தனை முறை வாரிச் சென்றது?

இவ்வினாவை முறையாகக் கேட்கக் கற்றவர்கள் கிரேக்க நாட்டிற்கும் துருக்கிக்கும் இடையேயுள்ள ஈஜியன் கடற்புறத்தை ஆராயும் அறிஞர்களேயாவர். கிரேக்க அறிஞர் ஸ்பிரிடன் மரிநாற்றொஸ் என்பார் 1932 ஆம் ஆண்டிற் கிறீற்றுத் தீவின் வடகரையிலே அம்னிசொஸ் என்னுமிடத்தில் அகழ்வு செய்தபோது, எரிமலை கக்கிய நுரைக்கற்களைக் கட்டட இடிபாடுகளினிடையே கண்டார். வடக்கே தேரா எனப்படும் சந்தொரினித் தீவிலுள்ள எரிமலை வெடித்தமையாற் கடல் பொங்கிக் கிறீற்றின் பழைய நாகரிகத்தை அழித்தது என்று 1939 ஆம் ஆண்டில் அவர் எழுதினார். அக்கொள்கை முழுவதும் நிலைக்கவில்லை. எரிமலை வெடித்துப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரே அரண்மனைகள் வீழ்ந்தன என்பதைப் பிற்கால ஆராய்ச்சி காட்டிற்று. எனினும், 1967 ஆம் ஆண்டு முதல் அவர் தேராவில் அக்றோத்திரி என்னுமிடத்தை அகழ்ந்து, சாம்பலின்கீழ்ப் புதையுண்டு கிடந்த ஒரு பட்டினத்தையே உலகிற்குக் காட்டினார். மாடிவீடுகளும் சுவரோவியங்களும் நிலைபெற்றிருந்த அப்பட்டினத்தில், மாண்டோர் உடல்கள் மட்டும் காணப்படவில்லை. வெடிப்பு நிகழ்ந்தது கி.மு. 17 ஆம் நூற்றாண்டிலா, 16 ஆம் நூற்றாண்டிலா என்பது இன்றும் அறிஞரிடையே வழக்கில் உள்ளது. அதனை அவர்களுக்கே விட்டுவிடுவோம்.

எமக்கு வேண்டியது அண்மைக்கால ஆராய்ச்சி. கிறீற்றின் வடகீழ்க் கரையிலுள்ள பலைகஸ்திறோவில், கடற்சிப்பிகள், கண்ணுக்குப் புலனாகாத கடலுயிர்களின் ஓடுகள், பானையோடுகள், கால்நடை எலும்புகள், சுவர்க்கற்கள், எரிமலைச் சாம்பல் என்பன ஒன்றோடொன்று கலந்து கிடந்த மண்படை ஒன்றைப் பற்றி 2008 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. மேலோட்டமாக நோக்குவார்க்கு அது குப்பைமேடு. படைபடையாக வாசிக்கத் தெரிந்தவர்க்கோ கடல் எழுதிவைத்த ஏடு.

அதனினும் எம் நெஞ்சைத் தொட்டது 2021 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த மற்றோர் ஆய்வு. துருக்கியின் மேற்குக் கரையிலே, தேராவிலிருந்து இருநூறு கிலோமீற்றருக்கும் அப்பால், செஷ்மே என்னும் ஊரில் அங்காராப் பல்கலைக்கழகத்து வாசிப் ஷாஹோலுவும் அவர்தம் குழுவினரும் வெண்கலக் காலக் குடியிருப்பு ஒன்றை அகழ்ந்து வந்தனர். ஒன்றன்பின் ஒன்றாக வந்த பேரலைகள் சுவர்களைச் சாய்த்து, சேற்றையும் கல்லையும் சாம்பலையும் நிறைத்துச் சென்ற படைகள் அங்கே வெளிப்பட்டன. அவ்விடிபாட்டினுள் ஓர் இளைஞனது எலும்புக்கூடும் ஒரு நாயின் எலும்புக்கூடும் கிடந்தன. தேரா வெடிப்பின் கடல்கோளில் மாண்டவரென அடையாளங்காணப்பட்ட முதல் மனித உடல் அதுவே. ஆயின், அவ்வுடலைக் காட்டிலும் எம்மை ஆட்கொண்டது, இடிபாட்டின் மேலிருந்து கீழ்நோக்கி ஒழுங்கின்றித் தோண்டப்பட்டிருந்த குழிகளேயாம். அலை ஓய்ந்தபின் உயிர்தப்பியோர் தம்மவரைத் தேடித் தோண்டிய குழிகள் அவை என ஆய்வாளர் கருதுகின்றனர். அத்தகைய குழியொன்றின் கீழே ஏறக்குறைய ஒரு மீற்றர் ஆழத்திலேயே அவ்விளைஞன் கிடந்தான். தேடியவர்கள் அவ்வளவு ஆழத்திற்கு எட்டவில்லை.

அக்குழிகள் எத்தகையன என்பதை எம் கரையோரத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள், பூரணை ஞாயிற்றுக்கிழமைக் காலையில், மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊரோடு ஊராகக் கடல் புகுந்தது. நாட்டில் வேறெம்மாவட்டத்திலும் பார்க்க அம்பாறை மாவட்டத்திலேயே மிகுதியானோர் மாண்டனர்; அவர் தொகை பத்தாயிரத்துக்கு மேற்பட்டது. அடுத்த நாட்களிற் கையாலும் மண்வெட்டியாலும் மணலைத் தோண்டியவருள் இந்துவும் முஸ்லிமும் கிறித்தவரும் இருந்தனர். ஜனாஸாத் தொழுகைக்கு எடுத்துச் செல்ல உடல் கிடைத்தாரும் உளர், கிடையாதாரும் உளர். மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் செஷ்மேயிற் குழி தோண்டியவன் எம்மொழி பேசினானா, எத்தெய்வத்தை வணங்கினான் என்று எவரும் கேளார்.

எமது நாட்டிலும் இத்தகைய ஏடுகள் இல்லாமலில்லை. அம்பாந்தோட்டையிலுள்ள கரகன் களப்பின் அடிச்சேற்றிற் குழாய்களை இறக்கி, படைகள் குலையாதவாறு எடுத்து நோக்கிய அறிஞர், 2004 ஆம் ஆண்டின் மணற்படையை உரைகல்லாகக் கொண்டு, அதன்கீழ் அதனையொத்த பழைய மணற்படைகள் பலவற்றைக் கண்டனர். அவ்வரலாறு ஏறக்குறைய 7000 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்கின்றது. அவ்வாய்வு 2014 ஆம் ஆண்டில் வெளிவந்தது. கோமாரியிலும் பொத்துவிலிலும் பாணமையிலும் களப்புக்கள் எமக்கும் உள. அவற்றின் சேற்றையும் அவ்வாறே வாசித்தல் வேண்டும்.

காவிரிப்பூம்பட்டினம் கடல்கொள்ளப்பட்டமையை மணிமேகலை கூறும். களனிதீசன் காலத்துக் கடற்பெருக்கை மகாவம்சம் கூறும். இவற்றை அப்படியே வரலாறு என்று கொள்வாரோடும், வெறுங் கதையென்று எறிவாரோடும் எமக்கு உடன்பாடில்லை. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947 ஆம் ஆண்டில் வெளியிட்ட யாழ் நூலிற் பழம்பாடல்களின் கூற்றைக் கணக்கோடு பொருத்திப் பார்த்தார். அவ்வழி நிற்பார், நூலிற் கண்ட கடல்கோளை மண்ணிலும் தேடிப்பார்க்க வேண்டாவோ?

இஃது ஏட்டறிவுக்கு மட்டும் உரிய பொருளன்று. 2005 ஆம் ஆண்டில் அரசாங்கம் கரையோரத்தில் வீடு கட்டலாகாத எல்லையொன்றை வகுத்தது. தெற்கே 100 மீற்றர்; வடக்குக் கிழக்கில் 200 மீற்றர். ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலுமாக நெருங்கிக் கிடக்கும் கல்முனைப் பகுதியில், 200 மீற்றர் என்பது ஊரையே இடம்பெயர்த்தலுக்கு ஒப்பாகும். அவ்வேற்றத்தாழ்வு பற்றிக் கூக்குரல் எழுந்தது; பின்னர் அவ்வெல்லை தளர்த்தப்பட்டது. பழைய மணற்படைகள் உள்நாட்டில் எவ்வளவு தூரம் சென்றுள்ளன என்பதை அறிந்திருந்தால், எம்மவர் அவ்வழக்கிலே மன்றாட்டோடு சான்றையும் முன்வைத்திருக்கலாம்.

உத்தரவுபெறாது அகழ்தல் 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி குற்றமாகும். எவரையும் மண்வெட்டியுடன் புறப்படுமாறு நாம் கூறவில்லை. ஆயினும் எம்மூர்களில் நாள்தோறும் கிணறும் அத்திவாரமும் வெட்டப்படுகின்றன. மேசன் வெட்டிய குழியின் பக்கச்சுவரில் மணல் எத்தனை அங்குலம், அதன்கீழ் மண் எந்நிறம் என்பதை அளந்தெழுதிப் படம்பிடிக்க அரைமணி நேரம் போதும். பொறியியலாளராகவும் நிலஅளவையாளராகவும் ஆசிரியராகவும் விளங்கும் பழைய மாணவர் எத்தனையோ பேர் உளர். அவர்கள் மாணவரை உடனழைத்து இதனைச் செய்தல் ஆகாத காரியமன்று. புதிய வீடுகளும் கொங்கிறீற்று வீதிகளும் 2004 ஆம் ஆண்டின் படையை விரைந்து மூடிவருகின்றன. அது போனால், அதனோடு ஒப்பிட்டுக் கீழுள்ளவற்றை அறியும் வழியும் போய்விடும்.

இன்று வகுப்புக்களில் அமர்ந்திருக்கும் மாணவர் யாவரும் அந்நாளின் பின் பிறந்தவர்கள். நீர் எச்சுவர் வரை ஏறிற்று, எத்தனை முறை வந்து மீண்டது என்பனவற்றை நேரிற் கண்டவர்கள் முதுமையெய்தி வருகின்றனர். கரைவலைத் தோணிக்காரரிடமும் நெசவாளரிடமும் அவற்றைக் கேட்டெழுதிவைத்தல் மணலை அளப்பதற்கு எவ்வகையிலும் குறைந்த வேலையன்று. பள்ளிவாசல்களிலே அடக்கஞ் செய்தோர் விபரமும், பாடசாலைகளிலே 2005 ஆம் ஆண்டு முதலாந் தவணையின் வரவு இடாப்புக்களும் ஏதேனும் ஓர் அலுமாரியில் இன்னும் இருத்தல் கூடும். கறையான் முந்துமுன் அவற்றைப் பிரதி செய்விக்க ஒருவரை நியமிக்குமாறு பழைய மாணவர் சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கின்றோம்.