ஏறியதும் இறங்கியதும்

"கம்பளையிலிருந்து நுவரெலியாவரை ஏறினேன், றேடியேட்டர் ஒருமுறைகூடக் கொதிக்கவில்லை" என்று பெருமை பேசாத பழைய கொரோலாக்காரர் இறம்பொடையில் அரியர். 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல் மீளும்வரை விலையும் ஏறவே, பெருமையும் ஏறிற்று. எனக்கோ இவ்வளவுகோலில் உடன்பாடில்லை. ஏற்றத்தில் கொதிக்கும் வண்டி நின்றுவிடும். ஆறவிட்டு நீரூற்றிப் புறப்படலாம். இறக்கத்தில் நில்லாமற் போனால்? பிரேக் எண்ணெய் நாளடைவில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வளைவுதோறும் ஓயாது மிதித்தால் அந்த ஈரம் சூட்டில் ஆவியாகும். பிறகு மிதி வெறுமனே உள்ளே போகும். நான்காண்டு எண்ணெய் மாற்றாதிருந்த என்னை, ஒரு மழை மாலையில், இரண்டாம் கியரும் கைப்பிரேக்குமே காத்தன. என் வண்டியை விலை கேட்டு வருவோர் இன்றும் றேடியேட்டரைத்தான் திறந்து பார்க்கின்றனர்.